பென்ஸ் வி12 எஞ்சினை இன்னும் வச்சிருக்கத்தான் வேணுமா?

கல்லடிப்பாலம் (மட்டக்களப்பு) கேட்டது:

பெரிய எஞ்சின்கள் ஒவ்வொண்டாப் போய்க்கொண்டிருக்கு. டொயோட்டா செஞ்சுரி 2018 மொடலோட 5 லீற்றர் வி12 ஐ (வி வடிவில பன்னிரண்டு சிலிண்டர்) விட்டுட்டு வி8 ஹைபிரிட்டுக்கு மாறிட்டு. பிஎம்டபிள்யூ தன்ட பேரில வாற கார்களுக்கு வி12 போடுறதை 2022 இல நிப்பாட்டிட்டு. பென்ட்லி 2003 இல இருந்து 1 லட்சத்துக்கு மேல செஞ்ச டபிள்யூ12 ஐ 2024 ஜூலையில முடிச்சிட்டு. பென்ஸ் மட்டும் தன்ட உச்சச் சொகுசுக் கார் மேபாக் எஸ்680 க்குள்ள 5980 சிசி வி12 ஐ வச்சிருக்கு. 612 குதிரைவலு, 900 நியூட்டன் மீற்றர்.

அதே கம்பெனிட எஸ்63 இ பெர்ஃபோமன்ஸ் 4 லீற்றர் வி8 ஓட மின் மோட்டரையும் சேர்த்து 802 குதிரைவலு, 1430 நியூட்டன் மீற்றர் தருது. 0 இல இருந்து 100 க்கு 3.3 செக்கன். வி12 க்கு 4.5. இலக்கத்தில வி12 தோத்தாச்சு.

ஆனா சொகுசுக் காருக்கு அதுவா அளவு? கொஞ்சமா விக்கிற ஒரு எஞ்சினுக்காகத் தனி வார்ப்பு, தனிப் பாகம், தனிப் பரிசோதனை எல்லாம் வச்சு நடத்துறது ஒரு கம்பெனிக்கு நியாயமா? வி12 போனா உண்மையில போறது என்ன? நம்மட பக்கத்து வெயில், உப்புக்காத்து, கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல தூரம், இதுகளையும் சேர்த்துப் பாத்துச் சொல்லுங்க. அந்தஸ்துக் கதை வேணாம், எஞ்சின் கதையாச் சொல்லுங்க.


வாவிக்கரை (மட்டக்களப்பு) எழுதியது:

வைத்திருக்க வேண்டும் என்பதே என் பக்கம். வேகத்துக்காக அல்ல, அந்தப் போட்டி முடிந்துவிட்டது.

பிஸ்டன்களின் தள்ளலைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால், அதாவது 720 பாகைக்குள், எல்லாச் சிலிண்டரும் ஒரு தடவை வெடித்து முடிக்கும். நாலு சிலிண்டர் என்றால் 180 பாகைக்கு ஒரு வெடிப்பு. எட்டுக்கு 90, பன்னிரண்டுக்கு 60. புகையை வெளியே விடும் எக்ஸோஸ்ட் வால்வு திறக்கும்வரைதான் ஒரு பிஸ்டனின் தள்ளல் பயன்படும், அது ஏறக்குறைய 130 – 140 பாகை. ஆகவே வி12 இல் ஒரு பிஸ்டன் தள்ளி முடிப்பதற்குள் அடுத்த இரண்டும் தள்ளத் தொடங்கிவிடுகின்றன. நாலு சிலிண்டரிலோ ஒன்று ஓய்ந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையில் 40 பாகையளவுக்கு எதுவுமே தள்ளுவதில்லை, ஃப்ளைவீல்தான் இழுத்துக்கொண்டு போகிறது. சும்மா நிற்கும்போது ஸ்டியரிங்கில் கைக்குத் தெரியும் நடுக்கத்தில் ஒரு பங்கு இதிலிருந்து வருவது.

மற்றது சமநிலை. பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதால் பிறக்கும் முதல்நிலை விசையும் (கிராங்கின் வேகத்தில் அதிர்வது) இரண்டாம் நிலை விசையும் (அதன் இரு மடங்கில் அதிர்வது), ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் வரிசை ஆறு எஞ்சினில் தாமாகவே ஒன்றையொன்று வெட்டிவிடும். வி12 என்பது ஒரே கிராங்கில் பூட்டிய இரண்டு வரிசை ஆறு. வி8 இல் அதே அமைதியைக் கொண்டுவரக் கிராங்கில் பாரமான எதிரெடைகள் வேண்டும், நாலு சிலிண்டருக்குத் தனியாக பலன்ஸ் ஷாஃப்ட் வேண்டும். ஒன்று பிறப்பிலேயே அமைதி, மற்றவை அடக்கி வைத்த அமைதி. 1987 இல் பிஎம்டபிள்யூ 750 க்கு 5 லீற்றர் வி12 போட்டதும், 1991 இல் பென்ஸ் 600 எஸ்இஎல் காருக்கு 5987 சிசியில் 408 குதிரைவலு எஞ்சின் கொடுத்ததும் இதற்காகத்தான். பின் சீட்டில் இருப்பவருக்கு எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று தெரியக்கூடாது.

எண்ணிக்கையைக் குறைத்து மின்சாரத்தால் ஈடுகட்டலாம் என்பதற்கு பென்ஸின் சி63 ஐப் பாருங்கள். வி8 ஐ எடுத்துவிட்டு 1991 சிசி நாலு சிலிண்டரோடு மின் மோட்டர் சேர்த்தார்கள். 680 குதிரைவலு, பழைய வி8 ஐ விடக் கூட. எடை 2.1 தொன். வி8 ஐத் தேடி வந்தவர்கள் அதை மனதார ஏற்கவில்லை. சி63 க்கே இந்த நிலை என்றால் மேபாக்கில் என்ன நடக்கும்?


கல்முனை பாஸ் எழுதியது:

கணக்கு சரி. ஆனா அந்தப் பன்னிரண்டையும் பதினைஞ்சு வருசம் போனபிறகு யார்ட கை தொடப்போகுது எண்டு பாக்கணும். கம்பெனி ஒரு எஞ்சினை வச்சிருக்கிறது எண்டா அதைச் செய்யிறது மட்டுமில்ல, அதுக்குச் சாமான் குடுக்கிறதும்தான்.

பென்ஸ் எஸ்600 இல வந்த எம்275 எண்ட வி12 ஐ எடுங்க. 5513 சிசி, ரெண்டு டர்போ. ஒரு சிலிண்டருக்கு ரெண்டு ஸ்பார்க் பிளக், மொத்தம் 24. ஒவ்வொரு பக்கத்துக்கும் பிளக்குக்கு மின்சாரம் குடுக்கிற 12 கொயிலையும் ஒரே கட்டையா வார்த்து வால்வு கவருக்கு மேல படுக்க வச்சிருக்கு. ஒரு கொயில் செத்தாலும் அந்தப் பக்கத்துக் கட்டை முழுசாப் போகணும். ஏன் சாகுது? பக்கத்தில டர்போ சூடு. வால்வு கவர் கசிஞ்சா ஒயில் பிளக் குழிக்குள்ள இறங்கி பிளக்கை மூடுற ரப்பர் உறையை ஊற வைக்கும். ஊறின ரப்பர் வெடிச்சிட்டு எண்டா ஸ்பார்க், பிளக்குக்குப் போகாம சிலிண்டர் ஹெட்டுக்குப் பாயும். கடலுக்குக் கிட்ட ஓடுற காருக்கு இதோட கனெக்டர் பின் பச்சை பிடிக்கிறதும் சேரும்.

கட்டை கழட்டுறதில அவசரம் கூடாது. எஞ்சினை ராவுக்கு ஆற விட்டு விடியக் கழட்டுங்க. காத்துக் குழாயெல்லாம் எடுத்து, ஸ்க்ரூ எல்லாம் கழட்டினாப் பிறகு ரெண்டு தலைப்பையும் ஒரே அளவில மேல தூக்கணும். ஒரு பக்கம் ஸ்க்ரூ ட்ரைவரைக் குடுத்து நெம்பினா மறுபக்கத்து ரப்பர் உறை குழிக்குள்ளேயே அறுந்து நிண்டுரும். பிளக்கில கை வைக்க முதல் குழிகளுக்குக் காத்து அடிங்க, மணலும் தூசியும் சிலிண்டருக்குள்ள விழும். எடுத்த பிளக்கை ஒரு கார்ட்போர்ட் மட்டையில 24 ஓட்டை போட்டு வரிசையாக் குத்தி வைங்க. எந்தச் சிலிண்டர் ஒயில் குடிக்குது, எது சரியா எரியல்ல எண்டு அந்த மட்டையே சொல்லும். புதுசைக் கையால சுத்தி இறக்கி, கடைசிக்குத்தான் டோர்க் ரென்ச். ஹெட் அலுமினியம், புரி பிஞ்சா அந்த ஹெட்டையே கழட்ட வேண்டி வரலாம். ரப்பர் உறை வாயில சிலிக்கன் கிரீஸ் ஒரு பயறு அளவு போதும். குழியில ஒயில் நிண்டா முதல் கவர் கசிவை நிப்பாட்டுங்க. இல்லாட்டி புதுக் கட்டையும் அதே வழியில போயிரும்.

ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில மிஸ் பண்ணினா கொயில் கட்டையில காசைக் கொட்டாதீங்க. ரெண்டுக்கும் பொதுவா மின்சாரம் குடுக்கிற பெட்டி ஒண்டு இருக்கு, அதை முதல் பாருங்க.

அடுத்தது இன்டர்கூலர். இந்த எஞ்சின்ல டர்போ காத்தை ஆத்துறது தண்ணி, அதுக்குத் தனியா ஒரு சின்னக் கரண்ட் பம்ப். பம்ப் நிண்டா காத்துச் சூடு ஏறும், கம்ப்யூட்டர் டர்போ அழுத்தத்தைக் குறைச்சிரும். கார் ஓடும், இழுவை இருக்காது. காலமைக்கு நல்லா இருந்து மத்தியானம் சோம்பலா ஓடுதெண்டா முதல் சந்தேகம் இந்தப் பம்ப். எஞ்சின் சூட்டில பம்ப்ல கை வச்சா ஒரு மெல்லிய அதிர்வு தெரியணும், இல்லாட்டி பம்ப்புக்கு 12 வோல்ட் வருதா எண்டு பாருங்க. மாத்தினா அந்தக் குழாய்ல இருக்கிற காத்தை முழுசா எடுக்கணும். காத்துக் குமிழி நிண்டா புதுப் பம்ப்பும் சும்மா சுத்தும்.

நான் பெருசாச் சொல்ல வந்தது இதுதான். எஸ் கிளாஸ்ல மத்த எஞ்சினுக்கெல்லாம் 7 கியர் பெட்டி வந்த காலத்திலயும் இந்த வி12 க்கு 5 கியர் பெட்டிதான். 7 கியர் பெட்டி அந்த முறுக்கைத் தாங்காது. அந்த 5 கியர் பெட்டியில 13 முனை வயர் சொக்கெட் ஒண்டு இருக்கு, அதுட ரப்பர் வளையம் (ஓ ரிங்) கசிஞ்சா கியர் ஒயில் வயருக்குள்ளால ஏறிக் கண்ட்ரோல் யூனிட் வரைக்கும் போகும். சின்ன எஞ்சின் கார்லயும் அதே பெட்டி, அதே நோய், ஆனா அதுகள் புதுப் பெட்டிக்கு மாறிட்டு. பெருமைக்கு வச்சிருக்கிற எஞ்சினுக்குப் பின்னால கம்பெனிட காசு போகாட்டி அது பழசாகிக்கொண்டேதான் போகும். ஒழுங்காக் கவனிக்க ஏலுமெண்டா வச்சிருக்கட்டும். ஏலாட்டி மரியாதையா விடட்டும்.


செங்கலடிச் சந்தி எழுதியது:

எஞ்சினின் அளவைப் பாதி தீர்மானிப்பது வரி அட்டவணை. பென்ஸின் இப்போதைய எஞ்சின்களைப் பாருங்கள், ஆறு சிலிண்டர் 2999 சிசி, வி8 3982 சிசி. சீனாவில் 2.5 இலிருந்து 3.0 லீற்றர் வரைக்கும் நுகர்வு வரி 12 வீதம், 3.0 இலிருந்து 4.0 வரை 25, 4.0 க்கு மேல் 40. ஒவ்வொரு எஞ்சினும் கோட்டுக்கு ஒரு நகக்கண் உள்ளே நிற்கிறது. 5980 சிசி மட்டும் எந்தக் கோட்டுக்கும் அடங்காமல் நேரே 40 வீதத்தில் போய் விழுகிறது.

ஐரோப்பாவில் கணக்கு வேறு. ஒரு கம்பெனி விற்ற எல்லாக் கார்களின் சராசரி காபனீரொட்சைட்டு வரம்பைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு கிராமுக்கும் ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ. 2025 இலிருந்து பொது வரம்பு கிலோமீற்றருக்கு 93.6 கிராம். வி12 மேபாக் 300 கிராமுக்கு மேல் விடுகிறது. 300 என்றே வைத்தாலும் 206 கிராம் கூட, ஒரு காருக்குக் கிட்டத்தட்ட 19,600 யூரோ. இதை அப்படியே கட்டுவதில்லை. சராசரி என்பதால் மின்சாரக் கார்கள் விற்று ஈடு செய்யலாம், எடைக்கு ஏற்பக் கம்பெனியின் இலக்கும் மாறும், 2025 முதல் 2027 வரை மூன்று வருடங்களையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு வி12 காரும் எத்தனை மின்சாரக் கார்களின் உழைப்பைத் தின்கிறது என்று அந்தக் கம்பெனியின் கணக்காளருக்குத் தெரியும். வருடத்துக்கு 1000 காருக்கும் குறைவாக விற்பவர்களுக்கு இந்தக் கட்டாயமே இல்லை. பென்ஸ் அந்த வரிசையில் இல்லை. அதுதான் அவர்களுக்கு வில்லங்கம்.

நம் நாட்டிலும் சுங்கத்தில் உற்பத்தி வரி சிசிக்கு இவ்வளவு என்றுதான், சிசி கூடக் கூட ஒரு சிசிக்கான கட்டணமும் படிப்படியாக ஏறும். 2999 க்கு 5980 இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, வரியோ இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பெறுமதிக்கு மேல் சொகுசு வரி வேறு. 2020 மார்ச்சில் மூடிய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தபோதும் இந்த அமைப்பு மாறவில்லை. 2022 எரிபொருள் கியூஆர் பங்கீட்டின் தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர் தந்தார்கள். பழைய எஸ்600 நகரத்துக்குள் 100 கிலோமீற்றருக்கு 20 லீற்றருக்கு மேல் குடிக்கும், ஒரு வாரப் பங்கு நூறு கிலோமீற்றருக்கே போதாது. அதுவும் 95 ஒக்டேன். 92 ஊற்றினால் நொக்கிங் (பெற்றோல் நேரம் தப்பி வெடிப்பது) வராமலிருக்க எஞ்சின் கம்ப்யூட்டர் (ஈசியூ) இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும், வலுவும் குறைந்து குடிப்பதும் கூடும்.

என் தீர்ப்பு: ஐரோப்பாவுக்கு வேண்டாம். எண்ணிக்கையை அறிவித்து, முன்பதிவுக்கு மட்டும், வரி இடம் கொடுக்கும் சந்தைகளுக்குச் செய்யட்டும்.


அக்கரைப்பற்று வயர்மேன் எழுதியது:

எல்லாரும் வி12 ஐ வி8 ஹைபிரிட்டோட ஒப்பிடுறீங்க. ஹைபிரிட்ல என்ன பிழைக்கும் எண்டு ஒருத்தரும் எழுதல்ல.

முதல் எடை. எஸ்63 ஹைபிரிட் 2.6 தொன்னுக்குக் கிட்ட. அவ்வளவுக்கும் பற்றரி 13.1 கிலோவாட் மணி, மின்சாரத்தில மட்டும் 33 கிலோமீற்றர்தான். பென்ட்லி டபிள்யூ12 க்குப் பதிலா வச்ச ஹைபிரிட் 25.9 கிலோவாட் மணி, 782 குதிரைவலு, 80 கிலோமீற்றர் சொச்சம். அது உருப்படியான வேலை. பள்ளிக்கூடம், சந்தை, கந்தோர் எல்லாம் எஞ்சின் எழும்பாமலே முடியும்.

பற்றரிக்குச் சூடு ஆகாது. அதைக் குளிராக்க வேற ஏற்பாடு இருந்தாலும், முழுச் சார்ஜில வெயில்ல நாள்கணக்கா நிப்பாட்டினா செல் சீக்கிரம் கிழடாகும். கன நாள் ஓடாம வைக்கிறதெண்டா பாதிச் சார்ஜில நிழல்ல வைங்க. மாரி வெள்ளத்தில தண்ணி தளத்துக்கு மேல ஏறின ஹைபிரிட்டை ஸ்டார்ட் பண்ணியும் பாக்காதீங்க, சார்ஜும் போடாதீங்க. உயர் வோல்ட் போற செம்மஞ்சள் வயர் எதிலயும் கை வைக்க முதல், அந்த மின்சாரத்தைத் துண்டிக்கிற சேர்விஸ் பிளக்கைக் கழட்டிச் சட்டைப்பைக்குள்ள போடுங்க, வேற ஆள் திரும்பப் பூட்டிரக்கூடாது. பத்து நிமிசம் விடுங்க, இன்வேர்ட்டர் கப்பாசிட்டர்ல தேங்கின மின்சாரம் இறங்கணும். 1000 வோல்ட் கையுறையோட அளந்து பூச்சியம் எண்டு கண்டாப் பிறகுதான் ஸ்பேனர். கையுறைக்குள்ள காத்து ஊதிப் பிடிச்சுப் பாருங்க, ஊசித் துவாரம் இருந்தா வீசிருங்க.

வாவிக்கரை சொன்ன அந்த அமைதிக்கு ஹைபிரிட் சரியான பதிலில்ல எண்டுறதுதான் என்ட எண்ணம். மின்சாரத்தில சத்தமில்லாமப் போற கார், ஆக்சலேட்டரை அழுத்தின உடனே எஞ்சின் எழும்பும். அந்த ஒரு கணம் பின் சீட்டுக்குத் தெரியும். முழு மின்சாரக் காருக்கு அது இல்ல. ரோல்ஸ் ரோய்ஸ் 2023 இல இருந்து குடுக்கிற ஸ்பெக்டர்ல 900 நியூட்டன் மீற்றர், மேபாக் வி12 ட அதே இலக்கம், ஒரு பிஸ்டனும் இல்லாம. ஆனா அதே கம்பெனி மத்தக் கார்களுக்கு 6.75 லீற்றர் வி12 ஐ விடாமப் பக்கத்தில வச்சிருக்கு. பென்ஸும் அப்பிடி ரெண்டையும் வச்சுக்கொண்டு, நடுவில இருக்கிற ஹைபிரிட்டை மேபாக்குக்குக் குடுக்காம விடலாம்.


வாவிக்கரை எழுதியது:

வயர்மேன் சொன்ன அந்த எழும்பும் கணத்தை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வி12 க்கு உண்மையான வாரிசு மின் மோட்டர்தான், வி8 அல்ல. ஆனால் மட்டக்களப்பிலிருந்து ஒரே மூச்சில் கொழும்பு போய்த் திரும்புகிறவருக்கு, வழியில் சார்ஜ் போட நிற்காத அமைதி இன்றைக்கும் வி12 இடம்தான் இருக்கிறது. அதனால் என் வாக்கை மாற்றவில்லை. பாஸ் போட்ட நிபந்தனையை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: கொயிலைத் தனித்தனியாக்கு, கடைசி எஞ்சின் வெளியே போன பிறகும் பாகம் கொடு.


கல்லடிப்பாலம் எழுதியது:

பாஸ் காக்கா, ஒண்டு கேக்கணும். பழைய வி12 களில ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர், ஒரு பக்கம் செத்தாலும் மத்தப் பக்கத்து ஆறு சிலிண்டரோட வீட்ட வந்து சேரலாம் எண்டு சொல்றாங்களே. பிஎம்டபிள்யூ 750 உம் செஞ்சுரியும் அப்பிடித்தான் எண்டு வாசிச்சன். இது வி12 ஐ வச்சிருக்க நல்ல காரணமில்லையா?


கல்முனை பாஸ் எழுதியது:

ஓம் தம்பி, ஆறு சிலிண்டரோட வரலாம். ஆனா அதுக்குள்ள ஒரு ஆபத்து இருக்கு, தெரிஞ்சுகொள்ளணும்.

வி12 ட அமைதியே அதுட குறையை மறைச்சிரும். நாலு சிலிண்டர் கார்ல ஒண்டு மிஸ் பண்ணினா கார் குதிக்கும், ஓட்டுறவருக்கு உடனே தெரியும். பன்னிரண்டில ஒண்டு ரெண்டு போனா மத்தது மூடிரும், ஓட்டுறவர் பாட்டில ஓடிக்கொண்டிருப்பார். ஒரு பக்கத்து இக்னிஷன் செத்து இன்ஜெக்டர் மட்டும் பெற்றோல் அடிச்சுக்கொண்டே இருந்தா, எரியாத பெற்றோல் முழுக்க அந்தப் பக்கத்துக் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள்ள (புகையைச் சுத்தமாக்கிற பெட்டி) போய் அங்க எரியும். கொன்வேர்ட்டர் சிவந்து பழுக்கும். மேல கார் தளம், கீழ ரோட்.

அதனால எஞ்சின் லைட் மினுங்கினா ஓட்டாதீங்க. நிரந்தரமா எரியிறது வேற, மினுங்கிறது வேற. பழைய கார்ல மினுங்கிற லைட்டும் இருக்காது, இழுவை பாதியாப் போறதும் பின்னால பெற்றோல் மணமும்தான் அடையாளம். ஓரம் கட்டி எஞ்சினை நிப்பாட்டி, எந்தப் பக்கம் எண்டு பாருங்க. எக்ஸோஸ்ட் ரெண்டு பக்கமும் தனித்தனியா வாற கார்ல பின் குழாய்க்குக் கிட்டக் கையைக் காட்டினா வித்தியாசம் தெரியும், தொடக் கூடாது. செத்த பக்கத்து இன்ஜெக்டர் கனெக்டர் ஆறையும் கழட்டினாத்தான் ஆறு சிலிண்டரோட மெதுவா வரலாம், அதுவும் கிட்ட இருக்கிற கராஜ் வரைக்கும்தான். கழட்டத் தெரியாட்டி லொறியில ஏத்துங்க.

மற்றது, எங்க நிப்பாட்டுறது எண்டதும் முக்கியம். நம்மட பக்கம் அறுவடை காலத்தில ரோட்டோரம் முழுக்க வைக்கோல் கிடக்கும். சூடான கொன்வேர்ட்டரை அதுக்கு மேல கொண்டுபோய் நிப்பாட்டினா காரும் போகும், பக்கத்து வயலும் போகும். வெறும் தார் இருக்கிற இடமாப் பாத்து நிப்பாட்டி, அரை மணித்தியாலம் ஆற விடுங்க.